மானம் யாருக்குப் போயிற்று?

(சங்கரன்கோவிலில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



தலைவரவர்கள் என்னைப் பற்றி மிகவும் உயர்த்திப் பேசிவிட்டார்கள். அதற்கெல்லாம் நான் யோக்கியதை உடையவனல்ல. நான் காலேஜில் வாசித்தவனுமல்ல. சட்டப் பரீட்சை கொடுத்தவனுமல்ல. கையில் கிடைத்த புஸ்தகத்தைப் படித்து, விளங்காததைத் தெரிந்தவர்களிடம் கேட்டு, என் புத்திக்குச் சரியென்று பட்டதைச் சொல்லுகிறவன். ஆகையால் நான் சொன்னேன் என்பதற்காக நீங்கள் ஒன்றையும் நம்ப வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் தள்ளிவிடுங்கள்.

யுத்தத்திலும் கலகத்திலும் பெண்களுக்குச் செய்யப்படும் பலாத்காரத்தைக் குற்றமென்று உலகக் கோர்ட்டுகள் ஒப்புக்கொள்ளும்படி செய்தது யார் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம். உடனே சிலர், "பூ மார்க்கெட்டிலும் விசைத்தறியிலும் பாடுபட்டுப் பிழைக்கிற சங்கரன்கோவில்காரனுக்கு உலகக் கோர்ட்டு எதற்கு?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலை வெளிநாட்டிலிருந்து ஆரம்பிக்காமல் நம்முடைய தாலுகாவிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

பல வருஷங்களுக்கு முன் நடந்தது. எந்த ஊர், எந்தச் சாதி என்று சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணுக்கு இன்னும் வாழ்க்கை இருக்கிறது. தறிக்கூடத்தில் வேலை முடித்துத் திரும்பி வந்த ஒரு பெண்ணை, ஊரில் வசதியுள்ள வீட்டுப் பையன் ஒருவன் பலாத்காரம் செய்துவிட்டான். அன்றிரவே ஊர்க்கூட்டம் கூடிற்று. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் அப்போதே கருப்புச் சட்டை போட்டுக்கொண்டு மேடையேறிப் பெண் விடுதலை பேசுகிறவன். பெரியவர்கள் எல்லாரும் ஒரே வாயாக, "போலீசுக்குப் போனால் பெண்ணுடைய மானம் போய்விடும், அபராதம் வாங்கிக்கொண்டு முடித்துவிடுவோம்" என்றார்கள். தோழர்களே, நானும் அதைத்தான் சொன்னேன். அப்போது மூலையில் நின்றிருந்த அந்தப் பெண்ணின் தாயார், "மானம் போச்சு, மானம் போச்சுங்கீங்களே, யாருக்கு அய்யா போச்சு? எம் புள்ளைக்கா, அந்தப் பயலுக்கா?" என்று கேட்டார். கூட்டத்தில் ஒருவருக்கும் பதில் வரவில்லை, எனக்கும் வரவில்லை. ஒரு மாதத்திற்குள் அந்தக் குடும்பம் ஊரைவிட்டே திருப்பூருக்குப் போய்விட்டது. பையன் இன்றும் அதே ஊரில் கோயில் கொடைக்கு முதல் மரியாதை வாங்குகிறான்.

அந்த அம்மாள் கேட்ட கேள்விக்கு உலகத்துச் சட்ட நிபுணர்களெல்லாம் கூடிப் பதில் சொல்ல 1998-ஆம் வருஷம் வரை ஆயிற்று என்பதைச் சொல்லவே இங்கு வந்தேன்.

முதலில் நம்முடைய பாஷையைப் பாருங்கள். இந்தக் குற்றத்திற்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'கற்பழிப்பு' என்பதாகும். திருடினால், திருடியவன் செய்த காரியத்தைக் கொண்டு 'திருட்டு' என்கிறோம். கொன்றால் 'கொலை' என்கிறோம். இந்த ஒரு குற்றத்திற்கு மாத்திரம் செய்தவனுடைய காரியத்தைச் சொல்லாமல், பெண்ணிடமிருந்து ஏதோ அழிந்துபோனதாகப் பெயர் வைத்திருக்கிறோம். அழிந்துபோன பொருளை யார் வீட்டில் சேர்ப்பார்கள்? அதனால் பெண் வீட்டுக்கு வெளியே நிற்கிறாள். ஆண் உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறான். இந்தச் சொல்லே குற்றவாளிக்குப் பீஸ் வாங்காத வக்கீலாக வேலை செய்கிறது.

புராணமும் இதே லட்சணந்தான். கௌதமன் வேஷம் போட்டு வந்து அகலிகையை ஏமாற்றியவன் இந்திரன். அகலிகை கல்லானாள். இந்திரனுக்கும் சாபம் உண்டு என்று பண்டிதர்கள் சொல்லுவார்கள். உண்டுதான், ஆனால் அவன் தேவலோகத்து ராஜா உத்தியோகம் போயிற்றா? இல்லையே! ராவணன் தூக்கிக்கொண்டு போனதற்குச் சீதை நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. நம்முடைய ஊர்க் கதைதான் என்ன? அரியும் அரனும் ஒன்று என்பதைக் காண வேண்டி கோமதியம்மன் தவம் கிடந்தாள் என்று ஆடித்தபசு கொண்டாடுகிறோம். ஆண் சாமிகள் இரண்டும் சமம் என்று காட்ட ஒரு பெண் சாமி தவம் செய்ய வேண்டியிருந்தது. ஆணும் பெண்ணும் சமம் என்று காட்ட எந்த ஆண் சாமியாவது ஒரு நாழிகை தவம் செய்ததாகக் கதை உண்டா?

நிற்க. இது நம்முடைய நாட்டுப் பைத்தியம் மாத்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். மேல்நாட்டாரும் இதில் நமக்கு இளைத்தவர்களல்ல. 1907-ல் ஹேக் நகரத்தில் யுத்த தர்மம் என்று ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். அதில் பெண்ணின் உடலைப் பற்றிப் பேச்சில்லை. 'குடும்பத்தின் மானத்தை' மதிக்க வேண்டும் என்று இருக்கிறது. 1949-ல் ஜெனீவாவில் இன்னும் விரிவாக எழுதினார்கள். அதில் 27-ஆம் பிரிவு, பெண்களை அவர்களுடைய 'மானத்தின்' மீது ஏற்படும் தாக்குதலிலிருந்து காப்பாற்ற வேண்டும் என்று சொல்லி, அந்த மானத்திற்குள்ளேதான் பலாத்காரத்தையும் சேர்த்தது. அதாவது, மேல்நாட்டுச் சட்டப் புலவர்களும் நம்மூர்ப் பஞ்சாயத்துப் பெரியவர்களும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாசித்தவர்களே!

இந்த 'மானம்' என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்லுகிறேன். இரண்டாவது உலக யுத்தத்தில் ஜப்பான் ராணுவம் கொரியா, சீனா, பிலிப்பைன்ஸ் முதலிய நாட்டுப் பெண்களைச் சிப்பாய்களின் இச்சைக்காக அடைத்து வைத்திருந்தது. யுத்தம் முடிந்ததும் ஜப்பான் தலைவர்களை 1946 முதல் 1948 வரை டோக்கியோவில் விசாரித்தார்கள். நம்முடைய நாட்டு ஜட்ஜு ராதாவினோத் பால் என்பவரும் அதில் உட்கார்ந்திருந்தார். இந்தப் பெண்களின் அடிமைத்தனம் அந்த விசாரணையில் தனிக் குற்றமாக எடுத்துக்கொள்ளப்படவே இல்லை. அப்பெண்களும் வாய் திறக்கவில்லை. திறந்தால் மானம் போய்விடும் அல்லவா? 1991-ஆம் வருஷம் ஆகஸ்டு 14-ந் தேதி கொரியாவில் கிம் ஹாக்-சுன் என்ற கிழவி பத்திரிகைக்காரர்கள் முன் வந்து, தன் சொந்தப் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னார். அவர் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். சர்க்கார்கள் விசாரிக்காததைக் கண்ட பெண்கள் சங்கத்தார், 2000-ஆம் வருஷம் டிசம்பரில் டோக்கியோவிலேயே தாங்களாக ஒரு மக்கள் கோர்ட்டு கூட்டி, சாட்சியங்களையும் தஸ்தாவேஜுகளையும் வைத்து விசாரித்தார்கள். அந்தக் கோர்ட்டுக்குச் சிறையும் கிடையாது, போலீசும் கிடையாது. ஆனால் வெட்கப்பட வேண்டியவர் யார் என்பதை அது உலகத்துக்குக் காட்டிவிட்டது.

இனி முக்கியமான விஷயத்திற்கு வருகிறேன். இது நம்முடைய தமிழ்ப் பெண் ஒருவர் சம்பந்தப்பட்டது.

1860-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து 'துரூரோ' என்ற கப்பல் நம் ஜனங்களை ஏற்றிக்கொண்டு தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கரும்பு வெட்டப் போயிற்று. அதற்குப் பின்னும் அனேகம் கப்பல்கள் போயின. அப்படி ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழர்களின் வம்சத்தில், டர்பன் நகரத்தில் ஒரு பஸ் டிரைவருடைய மகளாக 1941-ல் பிறந்தவர் நவநீதம் பிள்ளை என்பவர். ஏழைக் குடும்பம், அங்குள்ள இந்தியர்கள் காசு சேர்த்துக் கொடுத்துப் படிக்க வைத்தார்கள். வக்கீலானதும் வெள்ளைக்காரக் கம்பெனி எதுவும் வேலை கொடுக்கவில்லை. 1967-ல் தாமே ஆபீஸ் திறந்தார். நேட்டாலில் அப்படித் திறந்த வெள்ளையரல்லாத முதல் பெண் அவர்தான். அந்த நாட்டு நிறவெறிச் சட்டம் எப்படிப்பட்டது என்றால், ஒரு ஜட்ஜுடைய அறைக்குள் நுழைய அவருக்கு அனுமதி இல்லை. கடைசியில் 1995-ல் அவரே ஜட்ஜு ஆனபோதுதான் முதன்முதல் அந்த அறைக்குள் கால் வைத்தார். அதே வருஷம் ருவாண்டாவுக்காக ஏற்பட்ட சர்வதேசக் கோர்ட்டுக்கு ஜட்ஜாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

ருவாண்டா ஆப்பிரிக்காவில் ஒரு சிறிய நாடு. அங்கு 1994 ஏப்ரல் முதல் சுமார் நூறு நாளைக்குள், டுட்சி என்ற இனத்தாரையும் அவர்களைக் காப்பாற்ற நினைத்தவர்களையும் லட்சக்கணக்கில் வெட்டிக் கொன்றார்கள். ஐக்கிய நாடுகள் சபை அதை விசாரிக்க தான்சானியாவில் அருஷா என்னும் ஊரில் ஒரு கோர்ட்டு ஏற்படுத்திற்று. அதில் வந்த ஒரு எதிரியின் பெயர் அக்காயேசு. முன்னே பள்ளிக்கூட வாத்தியார். பிறகு தாபா என்ற பகுதிக்கு, நம்மூர் சேர்மன் மாதிரி அதிகாரி. உயிருக்குப் பயந்து அவனுடைய ஆபீசுக்கு ஓடிவந்த பெண்களை, அந்த ஆபீஸ் வளவிலேயே குண்டர்கள் பலாத்காரம் செய்தார்கள்.

இப்போது கவனியுங்கள். அவன் மீது 1996-ல் போட்ட குற்றப்பத்திரிகையில் கொலை இருந்தது, இனப்படுகொலை இருந்தது, பலாத்காரம் மாத்திரம் இல்லை! அதே 1996-ல் ருவாண்டாப் பெண்களுக்கு நடந்ததைப் பற்றி விரிவான அறிக்கைகள் அச்சாகி வந்திருந்தன. இருந்தும் சர்க்கார் தரப்பு வக்கீல்களுக்கு அது கண்ணில் படவில்லை. 1997-ல் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயதுக் குழந்தையை மூன்று பேர் கெடுத்ததைத் தானாகவே சொன்னாள். வேறொரு பெண், தனக்கு நடந்ததையும் ஆபீஸ் வளவில் கண்டதையும் சொன்னாள். விசாரித்த ஜட்ஜுகள் மூவர். அதில் இருவர் ஆண்கள், ஒருவர் நவநீதம் பிள்ளை. 'இது வழக்கில் இல்லாத சங்கதி' என்று தள்ளிவிடாமல் அவர்கள் துருவிக் கேட்டார்கள். அதே சமயத்தில் பல நாட்டுப் பெண்கள் சங்கங்களும் சட்டம் படித்தவர்களும் ஒன்றுகூடி, 1997 மே மாதத்தில், 'குற்றப்பத்திரிகையைத் திருத்த வேண்டும்' என்று கோர்ட்டுக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தார்கள். ஜூன் மாதம் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது.

இதைச் சங்கங்களின் நிர்ப்பந்தத்தால் செய்யவில்லை, சாட்சியத்தைப் பார்த்தே செய்தோம் என்று வக்கீல்கள் சொன்னார்கள். இருக்கட்டும். கோர்ட்டும் தன் தீர்ப்பில், பெண்கள் சங்கங்களின் அக்கறையைத் தவறாகக் கருதாமல், பலாத்காரக் குற்றம் இதுவரை ஒதுக்கப்பட்டே வந்தது என்ற கவலையின் அடையாளமாக அதை எடுத்துக்கொண்டது. உள்ளே ஒரு பெண் ஜட்ஜாக உட்கார்ந்திருந்ததும், சாட்சிப் பெண்கள் வாய் திறந்ததும், வெளியே பெண்கள் மனு எழுதியதும் ஆகிய மூன்றும் சேர்ந்த பிறகே அந்தக் காகிதத்தில் அந்த வரி ஏறிற்று. எந்தச் சாமியும் இறங்கி வந்து எழுதவில்லை.

1998 செப்டம்பர் 2-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஒரு சர்வதேசக் கோர்ட்டு விசாரித்து ஒருவனை இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்மானித்தது அதுவே முதல் தடவை. ஒரு இனத்தை அழிக்கும் எண்ணத்தோடு செய்யப்படும் பலாத்காரமும் இனப்படுகொலையே என்று சொன்னதும் அதுவே முதல் தடவை. ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். 2001-ல் அப்பீலிலும் நிலைத்தது.

அந்தத் தீர்ப்பில் இரண்டு சங்கதிகளை நீங்கள் மனதில் வைக்க வேண்டும். ஒன்று, பலாத்காரம் என்பது சித்திரவதையைப் போன்றதோர் ஆக்கிரமிப்பு என்று அர்த்தம் சொன்னார்கள். ஒருவனைக் கட்டிவைத்து நகக்கண்ணில் ஊசி ஏற்றினால் 'அவனுடைய மானம் போயிற்று, வெளியே சொல்லாதே' என்று யாராவது சொல்லுவார்களா? அவனுக்கு மருந்து போட்டு, ஊசி ஏற்றியவனைப் பிடிக்க ஓடமாட்டார்களா? இரண்டாவது, அக்காயேசு தன் கையால் எந்தப் பெண்ணையும் தொட்டதாகத் தீர்ப்பில்லை. தடுக்கக்கூடிய அதிகாரமுள்ளவன் தன் முன்னே நடந்ததைத் தடுக்காமல் உற்சாகப்படுத்தி நின்றான் என்பதே அவன் குற்றம். அதிகாரமுள்ளவன் நின்று பார்ப்பதும் செய்வதே ஆகும். ஊர்க்கூட்டத்துப் பெரிய மனிதர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

அதே 1998 ஜூன், ஜூலை மாதங்களில் ரோம் நகரத்தில் நூற்றுக்கு மேற்பட்ட சர்க்கார்கள் கூடி, நிரந்தரமாக ஒரு சர்வதேசக் குற்றக் கோர்ட்டு ஏற்படுத்தச் சட்டம் எழுதினார்கள். பல தேசத்துப் பெண்கள் 1997-லேயே ஒரு கூட்டுக்குழு அமைத்து, அங்கே போய் ஒவ்வொரு பிரதிநிதியிடமும் வாதாடினார்கள். பலாத்காரம், பாலியல் அடிமைத்தனம், கட்டாய விபசாரம், கட்டாயக் கர்ப்பம், கட்டாயக் கருத்தடை ஆகியவற்றைத் தனித்தனிக் குற்றங்களாகப் பெயர் சொல்லி எழுத வேண்டும் என்றார்கள். இதை எதிர்த்தவர் யார் தெரியுமா? 'கட்டாயக் கர்ப்பம்' என்ற வார்த்தையைப் போப்பாண்டவருடைய வாட்டிகன் பிரதிநிதிகளும் சில அரபு நாட்டுப் பிரதிநிதிகளும் எதிர்த்தார்கள். ஆண் பெண் பேதம் என்பது சமூகம் உண்டாக்கியது என்ற கருத்து சட்டத்தில் நுழைவதையும் எதிர்த்தார்கள். வேறு விஷயத்தில் கட்டிப் புரளுகிற மதங்கள் பெண்ணை அடக்குகிற விஷயத்தில் மாத்திரம் எவ்வளவு ஒற்றுமை பாருங்கள்! இருந்தாலும் அந்தக் குற்றங்கள் சட்டத்தில் ஏறின. ஜட்ஜுகளில் ஆணும் பெண்ணும் நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்றும் எழுதப்பட்டது. அதன்படி 2003-ல் முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்ட 18 ஜட்ஜுகளில் 7 பேர் பெண்கள். நவநீதம் பிள்ளையும் அதில் ஒருவர். நம்முடைய சுப்ரீம் கோர்ட்டு 1950-ல் ஏற்பட்டது. முதல் பெண் ஜட்ஜு பாத்திமா பீவி உள்ளே நுழைந்தது 1989-ல். இது இருக்கிற லட்சணம்!

அந்தக் கோர்ட்டின் விசாரணை விதிகளில், பெண்ணுடைய முந்திய நடத்தையைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது என்றும், அவள் சத்தம் போடவில்லை, எதிர்க்கவில்லை என்பதைக் கொண்டே சம்மதித்தாள் என்று வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் இருக்கிறது. நம்முடைய நாட்டில் என்ன நடந்தது? மகாராஷ்டிரத்தில் ஒரு ஆதிவாசிச் சிறுமியைப் போலீஸ் ஸ்டேஷனிலேயே கெடுத்த வழக்கில், அவள் உடலில் காயமில்லை என்பதைப் பெரிதாக எடுத்துக்கொண்டு, சுப்ரீம் கோர்ட்டு 1978-ல் போலீஸ்காரர்களை விடுதலை செய்தது. நான்கு சட்ட ஆசிரியர்கள் 1979-ல் சுப்ரீம் கோர்ட்டுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பெண்கள் வீதிக்கு வந்தார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. பெண்ணின் நடத்தை கெட்டது என்று காட்டிச் சாட்சியைத் தள்ளலாம் என்ற பிரிவு அதற்கும் வெகு காலம் கழித்துத்தான் எடுக்கப்பட்டது. எங்கும் இதே வரலாறுதான். கேட்டவர்களுக்கே கிடைத்தது.

நம்முடைய தமிழ்நாட்டு வாச்சாத்தியை மறக்க முடியுமா? தர்மபுரி ஜில்லாவில் சித்தேரி மலையடிவாரத்து மலைவாழ் மக்கள் ஊர். 1992 ஜூன் 20-ந் தேதி சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், ரெவின்யூ ஆட்கள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், 18 பெண்களைக் கெடுத்தார்கள். 'சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் இப்படிச் செய்வார்களா?' என்று மேலே இருந்தவர்கள் கேட்டார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் கம்யூனிஸ்டுத் தோழர்களும் விடாமல் பிடித்தார்கள். ஐகோர்ட்டு உத்தரவின் பேரில் சி.பி.ஐ. விசாரித்தது. 269 பேர் எதிரிகள். 2011 செப்டம்பர் 29-ந் தேதி தர்மபுரி கோர்ட்டு, அதுவரை உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது; அதில் 17 பேர் பலாத்காரக் குற்றத்திற்காக. 2023 செப்டம்பர் 29-ந் தேதி சென்னை ஐகோர்ட்டும் அதை ஊர்ஜிதம் செய்ததோடு, அன்றைய கலெக்டர், போலீஸ் சூப்பிரண்டு, வன அதிகாரி ஆகியோர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொல்லிற்று. அருஷாவில் அக்காயேசுவுக்குச் சொன்ன நியாயம் தர்மபுரிக்கும் வந்து சேர்ந்தது. ஆனால் 31 வருஷம் ஆயிற்று. அந்தப் பெண்கள் அத்தனை வருஷமும் கோர்ட்டுப் படி ஏறி, 'இவன்தான்' என்று விரலை நீட்டினார்கள். 'மானம் போய்விடும்' என்று வீட்டில் இருந்திருந்தால் ஒருவன்கூடச் சிறைக்குப் போயிருக்கமாட்டான்.

"உலகக் கோர்ட்டு வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டதா?" என்று கேட்கலாம். இல்லை. அதற்குச் சொந்தமாகப் போலீஸ் கிடையாது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா அதில் சேரவில்லை. இந்தியாவும் ரோமில் எந்தப் பக்கமும் வோட்டுக் கொடுக்காமல் ஒதுங்கிற்று. பாதுகாப்புச் சபைக்கு அதிகாரம் கொடுத்ததையும், அணு ஆயுதத்தைக் குற்றத்தில் சேர்க்காததையும் காரணமாகச் சொன்னது. அந்தக் காரணங்களில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் வாச்சாத்திப் பெண்களுக்கு 31 வருஷம் காக்க வைத்த நாடு, வெளியார் கேள்வி கேட்பதற்கு அவ்வளவு கூச்சப்படலாமா? இலங்கையும் அதில் சேரவில்லை. அங்கே யுத்தத்தில் நம் தமிழ்ப் பெண்களுக்கு நடந்ததற்கு இன்னும் முழு விசாரணை நடந்தபாடில்லை. ஆனாலும் விதை முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது. பெண்கள் படிக்கவும் வெளியே நடமாடவும் கூடாது என்று அடக்குவதே மனித சமூகத்திற்கு எதிரான குற்றம் என்று கண்டு, ஆப்கானிஸ்தானத்துத் தாலிபான் தலைவர்கள் இருவர் மீது அந்தக் கோர்ட்டு 2025 ஜூலை 8-ந் தேதி வாரண்டு பிறப்பித்தது. 1907-ல் 'குடும்ப மானம்' என்று எழுதின உலகம் 2025-ல் எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்!

தோழர்களே! முடிக்குமுன் உங்களை நான் கேட்டுக்கொள்வது மூன்றே காரியந்தான்.

'கற்பழிப்பு' என்ற சொல்லை இன்று முதல் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். பலாத்காரம் என்று சொல்லுங்கள், பாலியல் வன்கொடுமை என்று சொல்லுங்கள். செய்தவன் பெயரில் குற்றம் இருக்கட்டும்.

இந்தக் குற்றத்தை ஊர்க்கூட்டத்தில் வைத்துச் 'சமாதானம்' பேசாதீர்கள். அப்படிப் பேச எந்த ஊருக்கும் அதிகாரமில்லை. பிராதை வாங்க மறுக்கும் போலீஸ் அதிகாரிக்கே தண்டனை உண்டு என்று 2013-ல் சட்டம் வந்துவிட்டது. பெண்ணோடு கூட ஸ்டேஷனுக்கு நடந்து போங்கள். அதுவே பெரிய உதவி.

மூன்றாவது, நம்முடைய சங்கமாகட்டும், யூனியனாகட்டும், பள்ளிக்கூடக் கமிட்டியாகட்டும், தீர்மானம் போடுகிற இடத்தில் பெண்களை உட்கார வையுங்கள். அருஷாவில் ஒரு நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததால் என்ன நடந்தது என்று பார்த்தோம். அன்று எங்கள் ஊர்க்கூட்டத்தில் அந்தத் தாயாருக்கு ஒரு நாற்காலி இருந்திருந்தால், அவர் மூலையில் நின்று கேள்வி கேட்டிருக்கமாட்டார், தீர்ப்பே சொல்லியிருப்பார்.

அந்த அம்மாளுக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இன்று இத்தனை பேர் முன்னால் சொல்லுகிறேன். அம்மா, உங்கள் பிள்ளைக்கு மானம் ஒன்றும் போகவில்லை. அந்தப் பயலுக்குப் போயிற்று. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களுக்கும் போயிற்று. போன மானத்தைத் திரும்பச் சம்பாதிக்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.